கோல்போஸ்டும் ஸ்டம்பும்: பெங்களூரில் ஐந்து நாள்

நாள் 1, வெள்ளி: சின்னசாமி

ஊதா வழித்தட மெட்ரோவில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் சின்னசாமி மைதானத்தின் சுவர் கண்ணில் படும். அங்கிருந்து கஸ்தூரிபா சாலை வழியாக நிதானமாக நடந்தால் கண்டீரவா மைதானம் வந்துவிடும். ஒன்று கிரிக்கெட்டின் கோட்டை, மற்றது கால்பந்தின் வீடு. ஆட்டோ கூட வேண்டாம்.

இந்தியாவில் எந்த விளையாட்டுக்குக் கூட்டம் அதிகம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் 1983 உலகக் கோப்பையைச் சொல்வார்கள். அது பாதி விடை. மீதிப் பாதி, ஆடுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும், ஆட்டத்துக்குள் எங்கெங்கே இடைவெளி விழுகிறது என்ற இரண்டிலும் இருக்கிறது. இந்த ஐந்து நாளும் அந்தக் கண்ணோடுதான் ஊரைச் சுற்றப் போகிறோம்.

முதலில் சின்னசாமி. 1974 நவம்பரில் இங்கே முதல் டெஸ்ட் நடந்தது. வெஸ்ட் இண்டீஸ் அணியில் விவியன் ரிச்சர்ட்ஸ், கார்டன் கிரீனிட்ஜ் இருவருக்கும் அதுதான் அறிமுக ஆட்டம். 2008 ஏப்ரல் 18 அன்று ஐபிஎல்லின் முதல் ஆட்டமும் இங்கேதான். பிரெண்டன் மெக்கல்லம் அவுட் ஆகாமல் 158 அடித்தார். இங்கே சிக்ஸர் மழை பொழிவதற்கு இரண்டு காரணம். எல்லைக்கோடு கிட்டத்தில் இருக்கிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. சேப்பாக்கத்தில் எல்லையில் கேட்ச் ஆகும் அடி இங்கே சில மீட்டர் கூடுதலாகப் பறந்து கூட்டத்துக்குள் விழும். கால்பந்துக்கும் இதே கணக்குதான். கடலோரத்திலிருந்து வரும் அணிகளின் நீளப் பாஸ் முதல் கால் மணி நேரம் ஆளைத் தாண்டி ஓடுவதைக் கண்டீரவாவில் கவனித்துப் பாருங்கள்.

மழை நாளில் ஆட்டம் பார்க்க வாய்த்தால் தரையைக் கவனியுங்கள். புல்லுக்கு அடியில் மணல் அடுக்கு, அதன் கீழே துளையிட்ட குழாய்கள், குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சும் இயந்திரம். 2017-இல் பொருத்திய இந்த சப்ஏர் அமைப்பு கிரிக்கெட் மைதானங்களில் இங்கேதான் முதலில் வந்தது. இயந்திரத்தை முடுக்கினால் தேங்கிய நீரை மண் வழியாகக் கீழே இழுத்துவிடும். ஆனால் அது புல்தரைக்கான ஏற்பாடு. நடுவிலிருக்கும் 20.12 மீட்டர் பிட்ச் களிமண் ஆனதால் அதைத் தார்ப்பாய் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். ‘அந்த மெஷின்தான் இருக்கே, ஏன் இன்னும் ஆட்டம் தொடங்கல’ என்று கேலரியில் எழும் கேள்விக்கு இதுதான் பதில்.

டிக்கெட்டில் அச்சிட்ட கேட் எண்ணைப் படித்த பிறகே எந்தச் சாலைப் பக்கம் நடப்பது என்று முடிவு செய்யுங்கள். மைதானத்தைச் சுற்றிச் சாலைகள் ஓடுகின்றன. தவறான பக்கம் போய்விட்டால் ஆட்ட நாளில் தடுப்புகளுக்கு நடுவே திரும்பி வருவது லேசில்லை. பை, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட்டை வண்டியோடு பூட்ட வழி செய்துகொள்ளுங்கள். மெட்ரோவில் திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே வாங்கிவிடுங்கள்.

2025 ஜூன் 3 அன்று பெங்களூர் அணியான ஆர்சிபி முதல் முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டம் இந்த வாசல்களுக்கு வெளியே நெரிசலில் சிக்கி 11 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் பெங்களூரிலிருந்து வேறு ஊருக்குப் போயின. வாசல் குறுகலாக இருந்து, உள்ளே இடம் உண்டா இல்லையா என்ற செய்தி குழம்பினால், பின்னால் நிற்கிறவர் தள்ளும் அழுத்தம் முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாமலே சேர்ந்துவிடும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டும் அளவுக்குக் கூட்டம் இறுகினால், கைகளை மார்புக்கு முன்னே மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டத்தை எதிர்க்காமல் ஓரமாகச் சாய்வாக நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது.

இன்றைக்குக் கடைசியாக ஒரு கணக்கு. டி20 ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு 20 ஓவர், ஓவர்களுக்கு நடுவே 19 இடைவெளி. இரண்டு இன்னிங்ஸுக்கு 38. ஐபிஎல்லில் இன்னிங்ஸுக்கு இரண்டு முறை இரண்டரை நிமிட ‘டைம் அவுட்’. மொத்தம் 10 நிமிடம். விக்கெட் விழுந்தால் ஓர் இடைவெளி, மூன்றாம் நடுவரிடம் போனால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரம் உட்காரும். கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். விளம்பரக்காரருக்கு நடுவில் கிடைப்பது 15 நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் பார்வையாளர் டீ போட எழுந்து போய்விடுகிறார். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனதற்கு ரசிகர் எண்ணிக்கையோடு இந்த இடைவெளிகளும் காரணம்.

நாள் 2, சனி: கண்டீரவா

கண்டீரவா நிற்கும் இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஏரி வற்றித் தூர்ந்த பிறகு அந்தத் தரையில் மைதானம் வந்தது. கரகத் திருவிழாவின் சடங்குக்காக ஒரு சிறு குளத்தை மட்டும் இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள். மைதானத்துக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

இது தடகளத்துக்கும் கால்பந்துக்கும் பொதுவான மைதானம். அதில்தான் சிக்கல். 400 மீட்டர் ஓடுதளத்தின் நிலையான அளவுகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஆக, ஓடுதளத்துக்கு உள்ளே கிடைக்கும் நீளம் 157 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 73 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலை நடுவில் வைத்தால், கோல்கோட்டுக்குப் பின்னால் 26 மீட்டர் காலியாகக் கிடக்கும். ஒரு தடம் 1.22 மீட்டர், எட்டுத் தடம் என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர். கோலுக்குப் பின்னால் உட்காருகிறவருக்கும் கோல் வலைக்கும் குறைந்தது 36 மீட்டர். பக்கவாட்டில் உட்காருகிறவருக்கு அதே தூரம் 12 மீட்டர்தான். ஆகவே டிக்கெட் வாங்கும்போது பக்கவாட்டு கேலரியைத் தேடுங்கள், அதிலும் நாலைந்து வரிசை மேலே. முதல் வரிசையில் உட்கார்ந்தால் விளம்பரப் பலகைகளும் மாற்று வீரர்களும் மறைப்பார்கள்.

ஓடுதளம் விளையாட்டு வீரர்களுக்கும் இடைஞ்சல்தான். ஆட்டத்துக்காக மைதானத்தைப் பூட்டினால் தடகள வீரர்களின் பயிற்சி கெடும். ஈட்டி, குண்டு எறிந்தால் புல்தரை கெடும். இரண்டு தரப்பும் பல ஆண்டுகளாக இதைப் பற்றி முறையிட்டு வருகின்றன, இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு நகரின் நடுவில் முழுக்க முழுக்கத் தன்னுடைய மைதானம் இருக்கும்போது, கால்பந்தின் பெரிய மேடை பகிர்ந்துகொண்ட வீடாக இருக்கிறது.

அப்படியிருந்தும் இங்கே நடந்தவை சாதாரணமில்லை. பெங்களூரு எஃப்சி 2013-இல் பிறந்தது. முதல் சீசனிலேயே அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம். முதலில் அசோக் நகர் பக்கமுள்ள பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஆடி, பிறகு கண்டீரவாவுக்கு மாறியது. 2016-இல் ஆசிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போன முதல் இந்திய கிளப் என்று பெயரெடுத்தது. தோஹாவில் ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பிடம் 0-1 எனத் தோற்றது. 2018-19 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டத்தையும் கொண்டுவந்தது. 2023 ஜூலை 4 அன்று தெற்காசியக் கால்பந்துப் போட்டியான சாஃப் கோப்பை இறுதி ஆட்டம் இங்கே நடந்தது. குவைத்தோடு 1-1, பெனால்டியில் 5-4 என இந்தியா வென்றபோது கேலரி பொங்கி வழிந்தது.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் 2,569. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா 5-0 என சீன தைபேயை வென்ற ஆட்டத்துக்கு வந்தவர்கள் அவ்வளவுதான். அதன் பிறகு இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு சிறு வீடியோவில், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அதே மைதானம் நிறைந்தது. ஆகக் கால்பந்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. கூப்பிட்டால் வருகிறார்கள். கூப்பிடும் குரல் ஆண்டு முழுவதும் ஒலிப்பதில்லை. ஐஎஸ்எல்லைத் தாங்கி நின்ற 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அது புதுப்பிக்கப்படாமல் இழுபட்டதில் 2025 செப்டம்பர் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய சீசன் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. அட்டவணையே இல்லாத விளையாட்டை நேசிப்பது எவ்வளவு கடினம் என்று வெஸ்ட் பிளாக் கேலரியில் மேளம் கட்டி நிற்கும் பையன்களிடம் கேளுங்கள்.

கிரிக்கெட் பார்த்தே பழகியவர்கள் முதல் முறை கால்பந்து பார்க்க வரும்போது செய்யும் தவறு, பந்தையே பார்ப்பது. கிரிக்கெட்டில் அது சரி. பந்து போகும் இடத்தில்தான் ஆட்டம். கால்பந்தில் பந்து ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும், மற்ற 21 பேரும் அப்போது வேலை செய்துகொண்டிருப்பார்கள். முதல் பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு, தடுப்பு வீரர்கள் நால்வரின் வரிசையை மட்டும் பாருங்கள். வரிசை எப்போது முன்னே ஏறுகிறது, யார் பின்தங்கி ஆஃப்சைடு கோட்டைக் (பந்து உதைபடும் முன் எதிரணித் தாக்குநர் தாண்டக் கூடாத கோடு) கெடுக்கிறார் என்று தெரிந்துவிட்டால், கோல் விழுவதற்கு இரண்டு பாஸ் முன்பே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

நாள் 3, ஞாயிறு: கௌதமபுரம், ஆஸ்டின் டவுன்

அல்சூர் மெட்ரோவில் (பலகையில் ஹலசூரு என்றிருக்கும்) இறங்குங்கள். காலை 7 மணிக்குள் போய்விட வேண்டும். ‘ஃபுட்பால் கிரவுண்டு எந்தப் பக்கம்ணா?’ என்று தமிழிலேயே கேட்கலாம், பதிலும் தமிழிலேயே வரும். குறுகலான சந்துகள் வழியாகக் கௌதமபுரத்துக்குள் நுழைந்தால் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவின் சிலையும் நிற்கிறது. உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் சுவர்கள் மஞ்சளும் பச்சையுமாக மாறும். மக்கள் இதைக் ‘குட்டி பிரேசில்’ என்பார்கள். பெலே 1977-இல் நியூயார்க்கின் காஸ்மாஸ் அணியோடு கொல்கத்தாவுக்கு வந்து அவ்வூர் கிளப்பான மோகன் பகானோடு 2-2 என ஆடினார். அந்த ஆட்டம் நடந்த இடம் ஈடன் கார்டன்ஸ். இந்திய கிரிக்கெட்டின் கோயில் என்று சொல்லப்படும் இடத்தில்தான் பெலே ஆடினார் என்பதை இந்தத் தெருவில் நின்று நினைக்கும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது.

தமிழர்கள் இங்கே ஏன் கால்பந்துக்காரர்கள் ஆனார்கள்? பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) 1809-இல் தொடங்கியபோது ராணுவத்தோடு ஆற்காடு பக்கத்திலிருந்தும் மற்ற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சமையல், கட்டடம், துணி, வண்டி என்று எல்லா வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். அல்சூரை ஒட்டியே மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. அந்த வீரர்களுக்கு ‘தம்பி’ என்றே பட்டப்பெயர். ரெஜிமென்ட் சிப்பாய்கள் மாலையில் பந்து உதைத்தார்கள், கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளும் உதைத்தார்கள். வெள்ளைக்காரர்களின் ஜிம்கானா கிளப்புகளில் கிரிக்கெட் வெள்ளை உடை, மட்டை, உறுப்பினர் கட்டணம் எல்லாம் கேட்டது. பந்து கால் மட்டும் கேட்டது. பிறகு ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகள் வந்தபோது அவற்றை ஒட்டித் திறந்த வெளிகளும் இருந்தன. ஆஸ்டின் டவுனின் நந்தன் மைதானத்தை இன்று போய்ப் பாருங்கள். வீடுகள் மேலே மேலே ஏறிவிட்டன, மைதானம் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கிறது. அந்தக் காலி இடம் இருக்கும் தெருவில் கால்பந்து இருக்கிறது. கட்டடம் எழும்பிய தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதுதான் எங்கள் வாதத்தின் நடுத்தண்டு, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். ஏட்டளவில் கிரிக்கெட்டுக்குத்தான் அதிக இடம் தேவை. எல்லை 65 மீட்டரில் இருந்தால் வட்டத்தின் பரப்பு 13,000 சதுர மீட்டருக்கு மேல். கால்பந்துத் திடல் 7,140 சதுர மீட்டர், கிட்டத்தட்ட பாதி. ஆனால் கிரிக்கெட் சுருங்கத் தெரிந்த விளையாட்டு. மூன்று பேர் போதும். சந்து போதும். நேராக அடித்தால் மட்டும் ரன், மாடியில் போனால் அவுட், ஒரு பிட்ச் ஆகி ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட் என்று விதியை இடத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். ஒற்றைப்படை ஆள் வந்தால் இரண்டு பக்கமும் ஆட ஒரு ‘காமன்’. வீட்டுக் கடைக்குட்டி அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாக ஃபீல்டிங் நிறுத்திக்கொள்ளலாம். அவனும் ஆட்டத்தில் இருக்கிறான், ஆட்டமும் கெடவில்லை. ஒரே பெரிய மைதானத்தில் ஆறேழு ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்; ஒரு ஆட்டத்தின் மிட்-ஆன் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பான், இருவருக்கும் சண்டை வராது.

கால்பந்து அப்படி மடங்காது. செவ்வகம் முழுவதும் ஓட்டம், குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. ஸ்கூட்டர் ஒன்று கடந்தால் ஆட்டம் நின்றுபோகும். ஆறு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயதுப் பையனையும் சேர்த்து ஆடவிட்டால் சின்னவன் கால் போய்விடும். ஒரு திடலில் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம்தான்.

ஆகவே இந்தப் பேட்டைகள் ஐவர் ஆட்டத்தைக் கண்டுகொண்டன. ஞாயிறு காலை நடக்கும் ‘ஃபைவ்ஸ்’ போட்டிகளின் வழக்கமான அமைப்பு: பக்கத்துக்கு 5 பேர், பாதிக்கு 10 முதல் 15 நிமிடம், ஆஃப்சைடு கிடையாது, ஆள் மாற்றத்துக்குக் கணக்கில்லை, பந்து கோட்டைத் தாண்டினால் கையால் எறியாமல் காலால் உள்ளே. இங்கே வளரும் பையன்களின் கால்வேலையைக் கண்கொட்டாமல் பார்க்கலாம். பந்தைப் பாதத்தின் அடியில் உருட்டி, இரண்டு ஆளுக்கு நடுவே தோளைச் சாய்த்து, கைக்குட்டை அளவு இடத்தில் திரும்பிவிடுவார்கள்.

அதே பையன் பெரிய திடலுக்குப் போனதும் திணறுவான். காரணம் மூன்று. சின்னத் திடலில் 30 மீட்டர் பாஸே இல்லை, ஆகவே தலைதூக்கித் தூரத்தைப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. ஆஃப்சைடு இல்லாததால் தடுப்பு வரிசையோடு சேர்ந்து நகரத் தெரியவில்லை. நினைத்த நேரம் வெளியே வந்து மூச்சு வாங்கிப் பழகியதால் 60-ஆவது நிமிடத்தில் கால் இழுத்துக்கொள்கிறது. பதினோரு பேர் ஆட்டத்துக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் 12, 13 வயதிலேயே வாரத்துக்கு இரண்டு நாளாவது பெரிய திடலில் ஆட வழி செய்துவிட வேண்டும். 16 வயதுக்குப் பிறகு கால்வேலையை வளர்ப்பதைவிட இந்தப் பார்வையை வளர்ப்பது கடினம்.

இந்தப் பேட்டைகளின் வரலாற்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1891-இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை ராணுவ அணிகளே தூக்கிக்கொண்டிருந்தன. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அதை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. பெங்களூர்க்காரர் அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் இந்தியாவுக்கு ஆடினார். லண்டனில் நம்மவர்கள் பலர் வெறுங்காலில் ஆடி, பிரான்ஸிடம் 1-2 எனத் தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணானது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். மெல்போர்னில் 1956-இல் நான்காம் இடம் பிடித்த அணியில் பெங்களூரின் கெம்பையா இருந்தார். 1968-69 வரை மைசூர் மாநில அணி நான்கு முறை, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியை வென்றது. ஐந்தாவது பட்டத்துக்கு 54 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று கர்நாடகம் அதை எடுத்தது.

நடுவிலே என்ன ஆனது? ஐடிஐ, எச்ஏஎல், பிஇஎல் போன்ற பொதுத்துறை ஆலைகள் ஒரு காலத்தில் கால்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்தன. காலையில் பயிற்சி, பகலில் மெஷின், மாதச் சம்பளம், ஓய்வூதியம். அல்சூர்ப் பையன் பந்து உதைத்தால் வீட்டில் திட்டு விழாது, ஏனென்றால் அந்த உதைக்குப் பின்னால் ஓர் அரசு வேலை தெரிந்தது. எச்ஏஎல் அணி ஐ-லீக் வரை போய் ஆடியது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுப்பது சுருங்கச் சுருங்க அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. அதே காலத்தில் கிரிக்கெட்டின் ஏணி நீண்டது: 14, 16, 19, 23 என்று வயதுவாரி அணிகள், பல அடுக்கு லீக், ரஞ்சி, ஐபிஎல். தொலைக்காட்சிக்கு முன்னால் நடந்த போட்டியில் கால்பந்து தோற்றது என்பார்கள். அம்மாவின் சமையலறையில் நடந்த போட்டியில் தோற்றது இன்னும் பெரிது.

நாள் 4, திங்கள்: பந்து, பூட்ஸ், மட்டை

இன்று கடைவீதி. பெங்களூரின் திறந்த மைதானங்கள் பெரும்பாலும் செம்மண். மார்ச் முதல் மே வரை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். ஜூனிலிருந்து மழை விழுந்தால் மேல் தோல் மட்டும் வழுக்கும். இதைக் கணக்கில் வைக்காமல் டிவியில் பார்த்த பூட்ஸை வாங்குவதுதான் நடக்கும் முதல் தவறு. அடியில் நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் மெத்தென்ற புல்லுக்கானது. இறுகிய மண்ணில் குமிழ் உள்ளே இறங்காது, உடல் எடை முழுவதும் நாலைந்து புள்ளியில் நிற்கும். விளைவு, குதிகால் வலி, கணுக்கால் புரளுதல், ஒரே சீசனில் குமிழ் உடைதல். செம்மண்ணுக்கும் செயற்கைப் புல்லுக்கும் சின்னச் சின்ன ரப்பர் முட்கள் நிறைந்த ‘டர்ஃப் ஷூ’ வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஆடும்போது போடும் அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் விட்டு எடுங்கள்.

பந்து 5-ஆம் எண் என்றால் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 4-ஆம் எண். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் கால்நுனியால் குத்தியே பழகுவான், அந்தப் பழக்கம் லேசில் போகாது. தைத்த பந்து செம்மண்ணில் தையல் தேய்ந்து பிரியும், மழையில் நீர் குடித்துக் கனக்கும். மண் தரைக்கு நிவியா ஸ்டார்ம் போன்ற அச்சில் வார்த்த ரப்பர்ப் பந்து நீடித்து உழைக்கும். தொடுதல் கொஞ்சம் கடினம்தான், அதற்கு என்ன செய்வது. காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். கடினத் தரையில் 9-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் பந்து துள்ளிக்கொண்டே இருக்கும், அடக்க முடியாது. ஊசியை உலர்ந்தபடி வால்வில் குத்துவதால்தான் பாதிப் பந்துகள் சாகின்றன. ஒரு சொட்டு கிளிசரின் தடவி, நேராக, மெதுவாகத் திருகி ஏற்றுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் தண்ணீர்.

கிரிக்கெட் பக்கம் வந்தால் பட்டியல் நீளும்: மட்டை, பேடு, கையுறை, அடிவயிற்றுக் காப்பு, தொடைக் காப்பு, ஹெல்மெட். லெதர் பந்து 156 முதல் 163 கிராம். அதற்கு முன்னால் இவை எதுவும் இல்லாமல் நிற்கக் கூடாது. அதனால்தான் தெருவில் டென்னிஸ் பந்து. சாதாரண டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு. ‘ஹார்ட் டென்னிஸ்’ என்று விற்பது அதைப்போல இரண்டு மடங்கு கனம். டென்னிஸ் பந்துக்கான லேசான மட்டையில் லெதர் பந்தை ஆடினால் நடுத்தண்டு பிளந்துவிடும். புது இங்கிலீஷ் வில்லோ மட்டைக்கு லின்சீட் எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு, பிறகு மரச் சுத்தியலால் முகத்தையும் விளிம்பையும் பல மணி நேரம் தட்டிப் பதப்படுத்துவது. இந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே யார்க்கரை அடித்தால் அடிநுனி விரியும். கைப்பிடிச் சேர்மானத்தில் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுவிடும்.

மதியம் நேரம் இருந்தால் பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குப் போய் உள்ளூர் சூப்பர் டிவிஷன் ஆட்டம் ஒன்று பாருங்கள். செயற்கைப் புல், கூட்டம் சொற்பம், பயிற்சியாளர் கத்துவது காதில் விழும். சனிக்கிழமை சொன்ன தடுப்பு வரிசைப் பாடத்தைக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நாள் 5, செவ்வாய்: கூண்டுக்குள்

கடைசி இரவு. இந்திரா நகரோ, கோரமங்களாவோ, எந்தப் பேட்டையிலும் மொட்டை மாடியிலோ காலி மனையிலோ வலை அடித்த ‘டர்ஃப்’ ஒன்று இருக்கும். மணிக் கணக்கில் வாடகை. வார இறுதி மாலைகளில் கூடுதல், வேலை நாள் காலையில் குறைவு. பத்துப் பேர் பங்கு போட்டால் தலைக்குப் பெரிதாக வராது.

புல்லிழை 40 முதல் 50 மில்லிமீட்டர். அதன் அடியில் மணலும் ரப்பர்த் தூளும் நிரப்பியிருப்பார்கள். இழையை நிமிர்த்தி நிறுத்துவது அந்தத் தூள்தான். கோல் வாயிலில் கால் தேய்ந்து தூள் ஓடிப்போயிருந்தால் இழை படுத்துவிடும், அங்கே திரும்பும்போது முட்டி சுளுக்கும். பதிவு செய்யும் முன் கோலுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். காங்கிரீட் மாதிரி தட்டினால் வேறு இடம் தேடுங்கள். உச்சி வெயிலில் செயற்கைப் புல் சுடும், அந்த நேரத்தில் பிள்ளைகளை விழுந்து புரள விடாதீர்கள். உலோகக் குமிழ் பூட்ஸை எங்கும் அனுமதிக்க மாட்டார்கள்.

இந்தக் கூண்டுகள் பெரும்பாலும் கால்பந்துக்காக வந்தவை. இப்போது அதே கூண்டில் பாக்ஸ் கிரிக்கெட்டும் நடக்கிறது. பக்கத்துக்கு ஆறு அல்லது எட்டுப் பேர், ஆறு ஓவர், பக்க வலையில் பட்டால் ஒரு ரன், எதிர்வலையில் தரையோடு போனால் நான்கு. சந்தில் சுருங்கிய அதே கிரிக்கெட் இங்கே காசு கொடுத்துச் சுருங்குகிறது. கால்பந்துக்கு இந்தக் கூண்டு பெரிய உதவி. ஸ்கூட்டர் குறுக்கே வராத செவ்வகம் நகரத்துக்குள் மறுபடி கிடைத்திருக்கிறது, அலுவலகம் முடித்த பெண்களும் ஆட வருகிறார்கள். ஆனால் கௌதமபுரத்துப் பையனால் மணிக்கு வாடகை கொடுக்க முடியாது. அவனுக்கு நந்தன் மைதானம் போல இலவசமாகத் திறந்திருக்கும் திடல் வேண்டும். அதைக் கட்டடத்திடமிருந்து காப்பது மாநகராட்சியின் கையில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் இரண்டும் ஆட நினைக்கும் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு. கால்பந்தை முதலில் ஆடுங்கள். கிரிக்கெட்டில் நின்று குளிர்ந்த தசையோடு ஓடப் போனால் தொடைப் பின்தசை இழுத்துக்கொள்ளும். மாறும்போது கோல்போஸ்டைச் சாய்த்து இழுக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து நாலு மூலையையும் தூக்கி நகர்த்துங்கள். முன்பாரம் அதிகமானதால், பின்சட்டத்தில் கனம் இல்லாத கோல்போஸ்ட் லேசான தொங்கலுக்கே குப்புற விழும். பிள்ளைகள் மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டம்பை எடுத்துவிட்டுப் போஸ்டைப் பழைய இடத்தில் வைத்ததும் மணல்மூட்டைகளைப் பின்சட்டத்தின் மேல் மறுபடி ஏற்றி, மேல்கம்பத்தை ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.